பானட்டில் ஒரு கோடு

டாக்சிக்காரர் வீட்டம்மா அன்று காலை பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். மாலை நான்கு மணிக்கு வண்டியை விலைக்கு வாங்கி எடுத்துப் போக ஆள் வருகிறார். அதற்குள் பானட்டின் மேல் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு தகரம் தெரிகிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஒரு கோடு. அதையும் அவர் கண்ணெதிரே போட வேண்டும். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டதையெல்லாம் எண்ணினால் இரண்டு கை விரல் தேவைப்படாது. மற்ற ஆசைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. இது ஒன்றுக்குத்தான் இன்னும் சாயங்காலம் வரை நேரம் இருந்தது.

அவர் என்றால் அவள் புருஷன். தெருவுக்கே அவர் டாக்சிக்காரர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கருநீல வண்டியுமாக அவர் போவதைப் பார்த்தால், வண்டி இவருக்குச் சொந்தமா, இவர் வண்டிக்குச் சொந்தமா என்று சந்தேகம் வரும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், சவாரிக்காகக் காத்திருந்த இடத்தில், ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கையும், பார்வையும், தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் உறுமலும் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"நாம பேசுறது, செய்யுறது எல்லாம் இவருக்குப் புரியுமா டாக்டர்?"

"எல்லாம் புரியும்மா. பதில் சொல்லத்தான் முடியாது."

"நல்லாப் புரியுமா?"

"நல்லாவே புரியும். கவலப்படாதீங்க."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளும் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் நினைத்த ஆறுதல் அது இல்லை.

டாக்சிக்காரர் தெருமுனையில் நின்று சவாரி பிடிக்கிற ஆள் இல்லை. ஏதாவது ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் வண்டியை ஓட்டுவார். ஒரு வருஷம் ஒரு ஓட்டல், அடுத்த வருஷம் ஒரு மருந்துக் கம்பெனி, அப்புறம் ஒரு கல்லூரி. யாரோடு ஒப்பந்தமோ அவர்கள் பெயரும் சின்னமும் இரண்டு கதவிலும் பானட்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே அது அங்கே இருக்கக் கூடாது. ஒட்டுவதற்கு அவர்களே ஆள் அனுப்புவார்கள். எடுப்பதற்கு எவனும் வரமாட்டான். கடையில் கொடுத்தால் கண்டவன் கையும் வண்டியில் படும் என்று, அந்த வேலையை டாக்சிக்காரர் பெண்டாட்டி தலையில் கட்டினார். அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்.

புதுப் பெண். புருஷன் நம்பிக் கொடுத்த முதல் வேலை. ஸ்டிக்கரின் ஓரம் நகத்துக்குப் பிடிகொடுக்கவில்லை என்றதும், சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து முனையைக் கொடுத்து நெம்பினாள். ஸ்டிக்கர் வந்தது. அடியில் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறலும் வந்தது.

டாக்சிக்காரர் கை ஓங்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் உத்தமர், பெண்டாட்டியை அடிக்காத மனுஷன் என்று தெருவில் அவருக்குத் தனி மரியாதையே உண்டு. மறுநாள் காலையில் சவாரிக்குக் கிளம்பும் முன் அவளைக் கூப்பிட்டுக் கீறலுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இது என்ன?"

"கீறல்."

"யாரு போட்டது?"

"நான்."

"சரி, உள்ள போ."

இதோடு போயிற்று என்று அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள். அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். அதே கேள்வி, அதே பதில், அதே குரல். கோபம் என்று ஒரு துளி அதில் இருக்காது. முப்பத்தெட்டு நாள் நடந்தது இந்த வகுப்பு. பின் சீட்டில் சவாரி உட்கார்ந்திருந்தாலும் நடந்தது. அவளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று அவளுடைய அப்பா வந்திருந்த அன்றைக்கும் நடந்தது. அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வந்தது மூன்றோ நான்கோ தடவைதான்.

முப்பத்தொன்பதாவது நாள் பெயின்ட் அடித்துக் கீறலை மறைத்தார்கள். ஆனால் டாக்சிக்காரர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார், சுரண்டி. "சுரண்டி, தண்ணி கொண்டா." "சுரண்டி, சட்டை எங்க?" நாலு பேர் இருக்கும்போது கொஞ்சம் செல்லமாக வேறு சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள். தெரு அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. பால் கொண்டுவருகிறவரிலிருந்து எதிர்வீட்டுத் தையல்காரி வரை யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகத்தில் இல்லை. மகள் பிறந்து பேச்சு வந்தபோது, "அம்மா பேர் என்ன?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொடுத்தார். குழந்தை மழலையில் சொன்னதும் கைதட்டினார். இன்றைக்கு அந்த மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். போனில் கோபம் வந்தால் அவள் வாயிலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும்.

ஆனால் ஒன்று. அந்த அரிசி நீளக் கீறலுக்குப் பிறகு அவள் கையால் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. வண்டி மூன்று முறை மாறியது. நிறம் மட்டும் அதே கருநீலம், மற்ற நிறத்தில் கீறல் சரியாகத் தெரியாது என்பது டாக்சிக்காரரின் குறை. அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பயம் சொல்லிக்கொடுத்தது. முதலில் வண்டியை நன்றாகக் கழுவிவிட வேண்டும், ஸ்டிக்கர் கீறுவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் மண்தான் கீறுகிறது. வெயிலில் வைத்து எடுக்கக் கூடாது, பசை இளகி அப்பிக்கொள்ளும். நிழலில் வைத்து, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்ட வேண்டும். சூடு போதுமா என்று தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் காட்டிப் பார்ப்பாள். அவள் தோல் தாங்கினால் பெயின்ட்டும் தாங்கும். அந்த இடத்துத் தோல் வருஷக்கணக்காகக் கருத்துச் சுருங்கிப் போயிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி, மேல் நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் முதுகின் மேலேயே மடக்கி, மெதுவாக, மூச்சுவிடுகிற வேகத்தில் பின்னால் இழுக்க வேண்டும். தடித்த சின்னமாக இருந்தால் அடியில் தூண்டில் நரம்பைக் கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். மிச்சமிருக்கும் பசைக்குச் சமையல் எண்ணெய். பத்து நிமிஷம் ஊறவிட்டு, கட்டைவிரல் சதையால் உருட்டி எடுத்தால் அழுக்குத் திரி மாதிரி வந்துவிடும். மண்ணெண்ணெய் கூடாது, தின்னர் கூடவே கூடாது. துடைக்கிற துணி மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய பருத்தித் துணி. குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் டாக்சிக்காரர் அதை வண்டிக்கு எடுத்துக்கொண்டார், அவ்வளவு மெத்தென்ற துணி வேறு எங்கே கிடைக்கும்?

எல்லாம் முடிந்ததும் பரிசோதனை. டாக்சிக்காரர் பானட்டின் மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் வழுக்கிப் போகிற திசையில் பார்ப்பார். அவள் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் நிற்பாள். குறை இருந்தால் விரலால் காட்டுவார். குறை இல்லாவிட்டால் பேச்சே இல்லை, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நல்லா எடுத்திருக்கே என்று ஒரு வார்த்தை வராதா என்று அவள் நின்றிருக்கிறாள். முதல் வருஷம் மட்டும் இல்லை, இருபதாவது வருஷமும் நின்றிருக்கிறாள். சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நின்றாள்.

அவர் விழுந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கொழுந்தன் கிளம்பிப் போனதும், அவள் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தண்ணி வேணுமா உனக்கு?" என்றாள். அந்த 'உனக்கு' அவர் காதில் விழுந்து, மூளையில் ஏறி, முகத்துக்கு வருகிற வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. அவளுக்கு ஜிவ்வென்று இருந்தது. அதிலிருந்து யாரும் இல்லாதபோது நீ, வா, போ தான்.

மருந்து மாத்திரை, குளிப்பாட்டுவது, படுக்கையில் புரட்டி விடுவது, எதிலும் குறை வைக்கவில்லை. பக்கத்து வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத்தான் போடுவாள். ஜன்னல் பக்கம் போட்டால் உறைக்குள் நிற்கும் வண்டி தெரியும். சோறு ஊட்டும்போது செய்தி வாசிப்பாள்.

"இன்னிக்கு ஒரு பூனை உறைக்குள்ள பூந்துடுச்சு. பானட்டு மேல நகத்தப் போட்டுச் சறுக்கி விளையாடியிருக்கு. நாலு கோடு. அழகா இருக்கு."

அவர் வாயிலிருந்த சோறு அப்படியே நிற்கும். கண்ணில் தண்ணீர் கட்டும். அவள் அடுத்த கவளத்தை நீட்டுவாள். மறுநாள் எதிர்வீட்டுப் பையன் சைக்கிளால் உரசியிருப்பான், அதற்கு மறுநாள் தேங்காய் விழுந்திருக்கும். சுற்று வட்டாரத்தில் ஒரு தென்னைமரம் கிடையாது, அது அவருக்கும் தெரியும், ஆனாலும் அழுவார். எல்லாம் புளுகு. உறைக்குள் வண்டி அன்று நின்ற மாதிரியே பளபளவென்று நின்றது. நிஜமாகவே ஒரு கீறல் போட்டால் என்ன என்ற எண்ணம் அவளுக்குத் தினமும் வந்தது, தினமும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இப்போது தள்ளிப்போட நாள் இல்லை.

வண்டிக்கு ஆள் பார்த்தது கொழுந்தன். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, ஆனாலும் அண்ணன் இருக்கும் அறைக்குள் நுழையும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். வாங்குகிறவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், ஸ்டிக்கர் எதுவும் இருக்கக் கூடாது. கடைசி ஒப்பந்தத்து ஓட்டலின் சின்னம் கதவுகளிலும் பானட்டிலும் இருந்தது. பின் கண்ணாடியில் டாக்சிக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒட்டிய வாசகம் ஒன்று இருந்தது. 'பார். தொடாதே.'

"அண்ணனை வெளிய உக்கார வைக்கணுமா அண்ணி?" என்றார் கொழுந்தன் அன்று காலை, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே. "வண்டி போறதப் பாத்தா மனசு கஷ்டப்படுவாரு."

"படட்டும். காத்தாட இருக்கட்டும்னு சொல்ல வந்தேன்."

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், நாற்காலியை வண்டிக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். வண்டிப் பேப்பர்களை நகல் எடுத்துக்கொண்டு, வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு முன்னால் சிமென்ட் தளம், அதில் பாதிக்குத் தகரக் கூரை. அவள் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உறையை உருவினாள்.

ஆறு மாதம் கழித்து டாக்சிக்காரர் தன் வண்டியைப் பார்த்தார். கண்கள் பானட்டின் மேல் இங்கும் அங்கும் ஓடின. பூனை போட்ட கோட்டைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இன்னும் இல்ல. வரும், இரு" என்றாள்.

அவள் போட்டிருந்த திட்டம் இது. கதவு ஸ்டிக்கர்களை ஒழுங்காக எடுத்துவிடுவது. பானட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வது. அதைக் கழுவக்கூடக் கூடாது, மண்ணோடு வறட்டுத் துணியால் தேய்ப்பது, சூட்டைக் கிட்ட வைத்துக் காட்டுவது, கடைசியில் கத்தி. ஒவ்வொன்றாக அவர் அனுபவிக்க வேண்டும். சமையலறைக் கத்தியைப் பழைய புடவைத் துணியில் சுற்றி வாசல் திண்டின் மேல் வைத்திருந்தாள்.

வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக் கதவுகளைக் கழுவினாள். கழுவிக்கொண்டே முன்னால் வந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பானட்டும் கழுவியாகியிருந்தது. ஒரு மணல் துணுக்குக்கூட இல்லாமல், மேலிருந்து கீழாக, இரண்டு தடவை. எப்போது கழுவினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. போகட்டும், கத்திக்குச் சுத்தமான இடம் கிடைத்தது என்று தேற்றிக்கொண்டாள்.

இடது கதவு முடிந்தது. வலது கதவு முடிந்தது. ஓட்டலின் சின்னம் தோலுரித்த மாதிரி முழுசாக வந்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் வண்டியின் மூக்குக்கு வந்தபோது, அவள் கதவைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, தோளைக் கொடுத்து வண்டியைப் பின்னால் நிழலுக்குத் தள்ளினாள். நாற்காலியையும் இரண்டு முழம் பின்தொடர வைத்தாள். பின் கண்ணாடிக்குப் போனாள். கண்ணாடியில் பிளேடு போடலாம், ஒன்றும் ஆகாது. அங்கே மட்டும் மனம்போலச் சுரண்டினாள். எழுத்து எழுத்தாக, சத்தமாக வாசித்துக்கொண்டே சுரண்டினாள்.

"தொ... போச்சு. டா... போச்சு. தே... அதுவும் போச்சு. இப்ப தொடலாம்ல?"

நாற்காலியிலிருந்து அவருக்குப் பின் கண்ணாடி தெரியாது. சத்தம் கேட்கும்.

பிறகு பானட். ஹேர் டிரையரை எடுத்து, வேண்டுமென்றே நான்கு விரல்கடையில் பிடித்தாள். நாற்காலியிலிருந்து உறுமல் வந்தது. கை தானாக ஒரு சாண் மேலே போயிற்று.

"தெரியுதுங்க, தள்ளித்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. ஆறு மாதமாகப் பேசிய நீ, வா, போ எல்லாம் எங்கே போயிற்று? பேச்சு வராத மனுஷன் ஓர் உறுமல் உறுமியதற்கா? டிரையரை அணைத்துத் தரையில் வீசினாள். ஆனால் அதற்குள் ஸ்டிக்கர் பதமாக இளகியிருந்தது, ஆறவிட்டால் பசை தங்கிவிடும். பற்களைக் கடித்துக்கொண்டு ஓரத்தைக் கிளப்பி மடக்கி இழுத்தாள். எண்ணெய் தடவினாள். உருட்டினாள். துடைத்தாள். சின்னம் இருந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம் புதிதாக, கறுப்பாகத் தெரிந்தது. வெயில் படாத இடம் அப்படித்தான் இருக்கும். பாலிஷ் எடுத்துச் சுற்றிலும் வட்டம் வட்டமாகத் தேய்த்து அதையும் சமமாக்கினாள். அதுவும் கோடு போடப் போகிற இடத்தை.

மூன்றேகால் மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு பானட்டுக்கு முன்னால் வந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, அவருக்கு நன்றாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்தாள்.

"பாரு. இருபத்தாறு வருஷத்துக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு. இது என்னன்னு நாளைக்குக் காலையில உன்னையக் கேப்பேன். பதில் சொல்ல வேணாம், தலைய ஆட்டு போதும். முப்பத்தெட்டு நாள் கேப்பேன். வண்டி இருக்காது, ஆனாலும் கேப்பேன்."

அவர் கண்கள் கத்தியிலேயே நின்றன. இடது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. அவள் எதிர்பார்த்ததெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. பயம், கெஞ்சல், இயலாமை, எல்லாம். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கத்தி முனையைப் பானட்டின் மேல் வைத்தாள்.

கை நகரவில்லை.

அழுத்தினாள். கத்தி நிமிர்ந்து நிற்காமல் தானே சாய்ந்து பட்டையாகப் படுத்துக்கொண்டது, பெயின்ட் மேல் எந்த உலோகத்தையும் நிமிர்த்தி வைக்கக் கூடாது என்று பழகிய மணிக்கட்டு. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவையும் சாய்ந்தது. அவள் கத்தியைப் பற்றிய வலது கையை இடது கையால் பிடித்துத் தள்ளினாள். சண்டித்தனம் பண்ணும் மாட்டைப் பின்னாலிருந்து நெட்டுகிற மாதிரி, தன் கையைத் தானே நெட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. போடு, போடு என்று வாய்விட்டே சொன்னாள். கத்தி பானட்டை விட்டு எகிறி, இடது கட்டைவிரலின் சதைக்குள் இறங்கியது.

வலி பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் ரத்தம் பானட்டின் மேல் சொட்டியது. மூன்று சொட்டு, அப்புறம் ஒரு ஒழுக்கு. அவள் கத்தியைத் தூரப் போட்டுவிட்டுத் துணிக்குத் தாவினாள். காய்ந்தால் கறை பிடித்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். விரலை வாயில் வைத்துக்கொண்டாள், அது சொட்டிக்கொண்டே இருந்ததே, மறுபடி வண்டியில் விழக் கூடாது. பிறகு குனிந்து பானட்டின் மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தின் போக்கில் பார்த்தாள். கத்தி நின்ற இடத்தில் ஏதாவது பட்டிருக்கிறதா என்று விரல்கடை விரல்கடையாகத் தேடினாள். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது.

அந்த மூச்சு வந்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கன்னத்தை எடுக்காமலே கண்ணைத் திறந்தாள். எதிரே அவர். அவளுடைய விரலைப் பார்க்கவில்லை, முழங்கை வரை ஓடிய ரத்தத்தைப் பார்க்கவில்லை. அவரும் கழுத்தைச் சாய்த்துப் பானட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. கத்தி இரண்டடி தூரத்தில் கிடந்தது. எடுக்கலாம். அவள் எடுக்கவில்லை, எடுத்தாலும் நடக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொழுந்தன் வாங்குகிறவரோடு வந்து கேட்டைத் தட்டினார். வந்தவர் நிதானமான மனிதர். சாவியைக்கூடக் கேட்காமல் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பானட்டுக்கு வந்து குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"போன வாரம் பாத்தப்ப இங்கதானே அந்த ஓட்டல் ஸ்டிக்கர் இருந்துச்சு?"

"இங்கதான்" என்றார் கொழுந்தன்.

"இருந்த இடமே தெரியலையே. நானும் எத்தனையோ வண்டி பாத்திருக்கேன். எங்கயாவது ஒரு மூலையில சுரண்டி வச்சிருப்பானுங்க. இது தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எந்தக் கடையில குடுத்தீங்க?"

"கடையா? எங்க அண்ணிதான் எடுத்தாங்க. இருபத்தாறு வருஷமா இவங்க கைதான்."

வந்தவர் அவள் பக்கம் திரும்பி நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் போய்க் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"குடுத்து வச்சவருங்க நீங்க."

டாக்சிக்காரர் இடது கையைத் தூக்கினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து வந்தவர் பதில் வணக்கம் வைத்தார். ஆனால் அந்தக் கை அவருக்காக எழவில்லை. அது அவளைப் பார்த்து வா என்று அசைந்தது. கொழுந்தன், "கூப்பிடுறாரு அண்ணி, போங்க" என்றார். அவள் எழுந்து போய், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். டாக்சிக்காரர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயின் நல்ல பக்கம் கோணிக்கொண்டு திறந்தது. தொண்டையில் ஏதோ ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நெற்றி நரம்பு புடைத்தது.

"ந... ல்... லா" என்றார்.

ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. கொழுந்தன் அப்படியே அண்ணனின் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "அண்ணன் பேசிட்டாரு அண்ணி. நல்லாருக்குன்னு சொல்றாரு அண்ணி. கேட்டுச்சா?"

அவளுக்குக் கேட்டது. அடிவயிற்றிலிருந்து ஒன்று குளுகுளுவென்று கிளம்பி, மார்பை நிரப்பி, முகம் வரைக்கும் வந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். சந்தோஷம். இருபத்தாறு வருஷம் எண்ணெய்க் கையோடு நின்று காத்திருந்தது இதற்குத்தான், வந்துவிட்டது. இந்த ஆளைக் கதறவைக்கத்தான் காலையில் எழுந்தாய், நினைவிருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்பா செருப்பைப் பார்த்து நின்றதை நினைத்துப் பார்த்தாள். மகளின் மழலையை நினைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் அது அசையவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வந்தவர் வண்டியைக் கிளப்பினார். கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறக்க எழுந்தார், அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். சுற்றியிருந்த துணி முழுக்கச் சிவப்பாக ஊறியிருந்தது.

"என்ன அண்ணி இது, இவ்வளவு ரத்தம்?"

"ஒண்ணுமில்ல, கத்தி பட்டுடுச்சு" என்றாள். அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.